அரசியல் சாசனம் எழுதிய கையும் இன்சுலின் ஊசியும்: சுகர் பேஷன்ட்டாக அம்பேத்கர் வாழ்ந்த வாழ்க்கை

1951 ஆகஸ்ட் 10. சட்ட அமைச்சர் அம்பேத்கர், பிரதமர் நேருவுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். பாதி அரசியல் கடிதம், பாதி மெடிக்கல் லீவ் லெட்டர்.

தன் உடல்நிலை தனக்கும் டாக்டர்களுக்கும் கவலை தருகிறது என்கிறார். ஒரு மாதம் போலத் தொடர்ந்து சிகிச்சை எடுத்தே ஆகணும், இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர்கள் நெருக்குகிறார்கள். ஆனால் டாக்டர்கள் கையில் தன்னை ஒப்படைப்பதற்கு முன்னால் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை முடித்துவிட வேண்டும், அதற்கு முன்னுரிமை கொடுங்கள் என்று கேட்கிறார். கடிதத்தின் சாரம் அவ்வளவுதான்.

வீட்டில் ஒரு சுகர் பேஷன்ட் இருந்தால் இந்தப் பேச்சுவார்த்தை உங்களுக்குப் புதுசா இருக்காது. பொண்ணு கல்யாணம் முடியட்டும், நெல் அறுப்பு முடியட்டும், ஆபீஸில் ஆடிட் முடியட்டும், அப்புறம் டாக்டரைப் பார்க்கலாம். அம்பேத்கருக்கு அந்த வேலை, இந்தியப் பெண்களுக்குச் சொத்துரிமையும் விவாகரத்து உரிமையும் வாங்கித் தருகிற ஒரு சட்டம். வேலை பெரிசு. உடம்போடு நடக்கிற பேரம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

அம்பேத்கரைப் பற்றிப் பேசும்போது அவருடைய நீரிழிவு நோய் ஒரு வரியில் முடிந்துவிடும். உடல்நலத்தையும் பொருட்படுத்தாமல் உழைத்தார் என்று போஸ்டரில் போடுகிற வரி அது. அந்த வரிக்குள்ளே ஒரு நோயாளி இருக்கிறார். அவருக்குக் கிடைத்த சிகிச்சை எப்படி இருந்தது, அது அவர் வாழ்க்கைக்குப் பொருந்தியதா என்று பார்த்தால், தெரிந்த வாழ்க்கை வரலாறே வேறு மாதிரி தெரிகிறது.

ஒரே வருஷத்தில் பிறந்த இரண்டு பேர்

1891 ஏப்ரல் 14-ல் மத்திய இந்தியாவின் மோவ் ராணுவக் குடியிருப்பில் அம்பேத்கர் பிறந்தார். அப்பா ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். அம்பேத்கர் அவருக்கு 14-வது குழந்தை. சரியாக ஏழு மாதம் கழித்து, 1891 நவம்பர் 14-ல், கனடாவின் ஆலிஸ்டன் என்ற ஊரில் ஒரு விவசாயி வீட்டில் ஃபிரெட்ரிக் பாண்டிங் பிறந்தார். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர் அவர்தான். உலக நீரிழிவு தினம் நவம்பர் 14-ல் வருவதும் அவர் பிறந்தநாள் என்பதால்தான். (நமக்கு அது குழந்தைகள் தினம். நேருவும் அதே தேதியில் பிறந்தவர்.)

இவர்கள் இரண்டு பேரும் சந்தித்ததே இல்லை. ஆனால் ஒருவர் கண்டுபிடித்த மருந்துதான் இன்னொருவரின் கடைசி வருஷங்களைத் தாங்கிப் பிடித்தது.

அம்பேத்கரின் படிப்புக் கதை எல்லோருக்கும் தெரிந்தது. பள்ளியில் தண்ணீர்ப் பானையைத் தொடக் கூடாது. பியூன் மேலிருந்து ஊற்றினால் குடிக்கலாம், பியூன் வரவில்லை என்றால் தாகத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அங்கிருந்து பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். பிறகு லண்டன். பணம் தீர்ந்து பாதியில் திரும்பி, பம்பாயில் வேலை பார்த்துச் சேர்த்துக்கொண்டு 1920-ல் மறுபடியும் லண்டன்.

இந்த இரண்டாவது லண்டன் வாசத்தில் சாப்பாடு ரொம்பக் கஷ்டம். தங்கியிருந்த வீட்டில் காலையில் கொஞ்சம் ரொட்டி கிடைக்கும். நாள் முழுக்க நூலகம். ராத்திரிக்கு நண்பர் கொடுத்த அப்பளத்தைச் சுட்டுத் தின்றுவிட்டு மறுபடியும் புத்தகம். பசி ஒரு பழக்கமாகிவிட்டது. தூங்காமல் இருப்பதும்தான். இந்த இரண்டாவது பழக்கம் கடைசிவரை அவரை விடவில்லை. விடிய விடியப் படிப்பது அவருக்கு வாடிக்கை.

அவர் அப்படி ரூபாயின் பிரச்சினை பற்றிய ஆய்வேட்டில் மூழ்கியிருந்த நேரம். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் டொரன்டோ மருத்துவமனையில் 1922 ஜனவரி 11-ம் தேதி லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குக் கணையச் சாறு ஊசி போடப்பட்டது. முதல் ஊசி சரிப்படவில்லை. ஊசி போட்ட இடம் சீழ் பிடித்தது, நிறுத்திவிட்டார்கள். கோலிப் என்ற வேதியியலாளர் சாற்றைச் சுத்தப்படுத்திக் கொடுத்தபின் ஜனவரி 23-ல் மறுபடி போட்டார்கள். பையன் எழுந்து உட்கார்ந்தான். அதன்பின் 13 வருஷம் வாழ்ந்தான். அதற்கு முன்னால் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு இருந்த ஒரே சிகிச்சை பட்டினி. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போய் சாவைச் சில மாதம் தள்ளிப்போடுவார்கள்.

பாண்டிங்கும் பெஸ்ட்டும் கோலிப்பும் அந்தக் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு டொரன்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கால் எரியும், தூக்கம் வராது

இந்தியா திரும்பியபின் அம்பேத்கருக்கு ஓய்வு என்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. 1927-ல் மகாட் குளத்துப் போராட்டம். 1930-லிருந்து லண்டன் வட்டமேஜை மாநாடுகள். 1932-ல் பூனா ஒப்பந்தம். 1935-ல் மனைவி ரமாபாய் நோயில் இறந்தார். 1942-லிருந்து 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை. உங்கள் பேஸ்லிப்பில் இ.எஸ்.ஐ. என்று ஒரு பிடித்தம் இருந்தால், அதற்கு அடிப்படையான அடார்க்கர் அறிக்கை வந்தது அவர் அந்தத் துறையில் இருந்தபோதுதான். வேலை செய்பவனுக்கு நோய் வந்தால் யார் பார்ப்பது என்ற கேள்வியை அவர் ஃபைலில் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உடம்பு அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்கத் தொடங்கியது.

1940-களின் கடைசியில் நோய் முழுசாகப் பிடித்துக்கொண்டது. நீரிழிவு, ரத்த அழுத்தம், நரம்புப் பாதிப்பு. இதில் அவரை அதிகம் வாட்டியது மூன்றாவதுதான். ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்கில் ஏறியே இருந்தால் நரம்புகளும், அவற்றுக்கு ரத்தம் கொண்டுபோகிற நுண்ணிய குழாய்களும் கெடும். நீளமான நரம்புகள் முதலில் அடிவாங்கும், அதனால் பாதத்தில் ஆரம்பிக்கும். மதமதப்பு, எரிச்சல், ஊசி குத்துகிற மாதிரி வலி. பகலில் வேலை மறக்கடிக்கும், படுத்தால் ஆரம்பிக்கும். 1948 தொடக்கத்தில் அம்பேத்கர் கால் வலியால் இரவில் தூங்க முடியாமல் தவித்தார். இன்சுலின் போட்டுக்கொண்டார், கூடவே ஹோமியோபதி மருந்தும் சாப்பிட்டார்.

பொருளாதாரத்தில் இரண்டு டாக்டர் பட்டம் வாங்கியவர், எதையும் ஆதாரத்தோடு பேசுபவர், எதுக்கு ஹோமியோபதி பக்கம் போனார்? எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஒரு மருந்து ரத்தச் சர்க்கரையைக் குறைத்தாலும், தூங்கவிடாத கால் வலியைக் குறைக்கவில்லை என்றால், நோயாளி வேறு கதவைத் தட்டத்தான் செய்வார். நரம்பு வலி, சர்க்கரை குறைந்த மறுநாளே போய்விடுகிற வலி இல்லை. இதை அன்றைய மருத்துவம் சரியாக விளக்கிச் சொல்லவும் முடியவில்லை, வலிக்கென்று நல்ல மருந்து கொடுக்கவும் முடியவில்லை.

அன்றைய சிகிச்சை எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்சம் கற்பனை செய்து பாருங்க. இப்போ கிடைக்கிற பேனா ஊசி, முடி மாதிரி மெல்லிய ஊசிமுனை எதுவும் இல்லை. கண்ணாடி சிரிஞ்சு. ஒவ்வொரு முறையும் தண்ணீரில் கொதிக்க வைக்கணும். ஊசி மழுங்கினால் கல்லில் தீட்டிக்கொள்வார்கள். மருந்து மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து எடுத்தது. ஊசி போடுகிற இடத்தில் தோல் குழி விழும். மாத்திரை என்ற பேச்சே கிடையாது.

வீட்டில் சோதிக்க ரத்தம் எடுக்கும் கருவி இல்லை, அதெல்லாம் 1970-களுக்கு அப்புறம் வந்தது. சிறுநீரைத்தான் சோதிப்பார்கள். பள்ளி லேபில் பார்த்திருப்பீங்க, பெனடிக்ட் கரைசல். நீலம் மாறாமல் இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி செங்கல் சிவப்பு வந்தால் சர்க்கரை அதிகம். ஆனால் ரத்தத்தில் சுமார் 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் சர்க்கரை எட்டிப் பார்க்கும். அதுவும் சில மணி நேரத்துக்கு முந்தைய நிலவரம். லோ சுகர் ஆகிறதா என்று இதில் தெரியவே தெரியாது. வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால்தான் தெரியும். அளவு தெரியாமல் மருந்து போட்டுக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிடாத ஒருவர் நாடாளுமன்றத்தில் பேசுகிறார் என்று நினைத்துப் பாருங்க.

ஏழு பேர் குழுவில் ஒரு நாற்காலி

1947 ஆகஸ்ட் 29-ல் அரசியல் சாசன வரைவுக் குழு அமைக்கப்பட்டது. ஏழு பேர். மறுநாள் அம்பேத்கர் தலைவரானார். 1948 பிப்ரவரியில் வரைவு தயார்.

அந்த வருஷம் நவம்பர் 5-ல் அரசியல் நிர்ணய சபையில் நம்ம ஊர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி எழுந்து ஒரு கணக்குச் சொன்னார். ஏழு பேரில் ஒருவர் ராஜினாமா செய்தார், ஒருவர் இறந்துபோனார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், இன்னொருவருக்கு சமஸ்தான வேலைகள், ஓரிருவர் டெல்லிக்குத் தூரத்தில் இருந்தார்கள், உடல்நிலையும் இடம் கொடுக்கவில்லை. கடைசியில் சுமை முழுக்க அம்பேத்கர் மேல் விழுந்தது என்றார். அம்பேத்கரின் உழைப்பைச் சொல்ல இந்தப் பேச்சை அடிக்கடி எடுத்துக் காட்டுவார்கள். அதில் எனக்குக் கண்ணில் படுவது வேறு ஒன்று: உடம்பு முடியாமல் வர முடியாதவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள். உடம்பு முடியாமலும் வந்தவர் பட்டியலில் இல்லை.

வரைவுக் குழு 141 நாள் உட்கார்ந்தது. சபையில் வந்து குவிந்த திருத்தங்கள் 7,635. அவற்றில் 2,473 முறையாக முன்மொழியப்பட்டன. இவ்வளவுக்கும் நடுவே நின்று பதில் சொன்னவர் அம்பேத்கர். 1949 நவம்பர் 25-ல் தன் நிறைவுரையில் பாராட்டை முழுக்கத் தானே வைத்துக்கொள்ளாமல், பி.என்.ராவிலிருந்து வரைவு எழுதிய எஸ்.என்.முகர்ஜி வரை பங்கிட்டுக் கொடுத்தார். நோயைப் பற்றிய பேச்சு அங்கே இல்லை.

சிகிச்சைக்காக ஒரு கல்யாணம்

வரைவு ஒரு கட்டத்துக்கு வந்ததும் அம்பேத்கர் சிகிச்சைக்காக பம்பாய் போனார். டாக்டர் மால்வங்கர் அங்கே பேர் பெற்ற மருத்துவர். அவரிடம் பணியாற்றியவர் டாக்டர் சாரதா கபீர். அதற்கு முன்பே நண்பர் வீட்டில் அம்பேத்கருக்கு அறிமுகமானவர்தான்.

டாக்டர்களின் கருத்து நேராக இருந்தது. இவருக்கு மருந்து மட்டும் போதாது. நேரத்துக்கு ஊசி, நேரத்துக்குச் சாப்பாடு, என்ன சாப்பிடுகிறார் என்று பார்க்க ஒரு ஆள், வீட்டிலேயே இருக்க வேண்டும். ரமாபாய் இறந்தபின் மறுபடி திருமணம் இல்லை என்றிருந்தவர் அம்பேத்கர். நர்ஸ் வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தார். ஆனால் தனியாக இருக்கிற ஒரு தலைவர் வீட்டில் ஒரு பெண் தங்கினால் ஊர் என்ன பேசும் என்று அவருக்குத் தெரியும். அது இயக்கத்தையே பாதிக்கும். அதனால் திருமணமே வழி என்ற முடிவுக்கு வந்தார். 1948 மார்ச்சில் நெருங்கிய தோழர் பாவ்ராவ் கெய்க்வாடுக்கு இதையெல்லாம் விளக்கி எழுதினார். படித்தவராக, மருத்துவராக, நன்றாகச் சமைக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பது அவருடைய தேவை. மேட்ரிமோனியல் விளம்பரம் மாதிரி இல்லை, மருந்துச் சீட்டு மாதிரி இருக்கிறது.

1948 ஏப்ரல் 15-ல், தன் 57-வது பிறந்தநாளுக்கு மறுநாள், டெல்லி வீட்டில் பதிவுத் திருமணம். சாரதா கபீர், சவிதா அம்பேத்கர் ஆனார். பிராமண வீட்டில் பிறந்த பெண் என்பதால் இரண்டு பக்கமும் முணுமுணுப்பு. அதை ஒதுக்கிவிட்டு மருத்துவக் கண்ணால் மட்டும் பார்த்தால், இன்று பெரிய நீரிழிவு மருத்துவமனைகள் ஒரு குழுவாகச் செய்கிற வேலையை ஒரே ஆள் செய்தார். ஊசி, உணவுக் கட்டுப்பாடு, கண்காணிப்பு, அலுப்பான நாளில் தெம்பு சொல்வது, எல்லாம். அதற்கு அவர் கொடுத்த விலை அவருடைய சொந்த டாக்டர் தொழில். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

உங்க சிகிச்சை உங்களுக்குத் திருப்தியா?

சர்க்கரை நோயில் ஒரு விசித்திரம் உண்டு. சிகிச்சையை டாக்டர் எழுதித்தான் கொடுக்கிறார், செய்வது நோயாளி. வருஷத்தில் சில முறை, சில நிமிஷம் டாக்டர் முன்னால். மீதி நேரமெல்லாம் சோறு, டீ, தூக்கம், ஊசி என்று நோயாளியும் நோயும் மட்டும். அதனால் அந்தச் சிகிச்சை அவருக்குப் பிடித்திருக்கிறதா என்பது மரியாதைக்குக் கேட்கிற கேள்வி இல்லை. பொருந்தாத சிகிச்சையை மனுஷன் மெதுவாகக் கைவிட்டுவிடுவான்.

1980-களில் பிரிட்டனின் உளவியலாளர் கிளேர் பிராட்லி இதை அளக்க ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார். இன்றும் உலகம் முழுக்க மருந்து ஆய்வுகளில் பயன்படுகிறது. எட்டே கேள்விகள். இப்போதைய சிகிச்சை திருப்தியா, சௌகரியமா, உங்கள் வாழ்க்கைக்கு ஏற்ப வளைந்து கொடுக்கிறதா, உங்கள் நோயைப் பற்றி உங்களுக்கே புரிந்திருக்கிறதா, இதே நோய் உள்ள இன்னொருவருக்கு இதைப் பரிந்துரைப்பீர்களா, தொடர விருப்பமா என்று ஆறு. சர்க்கரை தாங்க முடியாத அளவு ஏறியதாக, இறங்கியதாக எவ்வளவு அடிக்கடி உணர்ந்தீர்கள் என்று இரண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை மதிப்பெண். முதல் ஆறையும் கூட்டினால் உச்சம் 36.

இந்தத் தாளை அம்பேத்கரிடம் யாரும் நீட்டவில்லை. அது வருவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். அவர் என்ன போட்டிருப்பார் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அவர் செய்த காரியங்கள் இருக்கின்றன. இன்சுலின் போட்டுக்கொண்டே வேறு மருத்துவம் தேடினார். ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் ஆள் வேண்டும் என்று வீட்டையே மாற்றி அமைத்தார். ஓய்வு என்று டாக்டர்கள் சொன்னதை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். சௌகரியம், வளைந்து கொடுத்தல் என்ற இரண்டு கேள்விகளும் அங்கேதான் போய் நிற்கின்றன.

சுகர் ஏறினால் நம்ம வீட்டில் முதலில் வருவது திட்டு. வாயைக் கட்டல, நடக்கல, மாத்திரை போடல. தென்காசி மாவட்டம் வாசுதேவநல்லூரில் எனக்குச் சொந்தத்தில் ஒரு பெரியம்மா உண்டு. கரும்பு விளைந்து, சர்க்கரை ஆலையும் வந்த ஊர் அது. சட்டமன்றத்துக்குத் தனித்தொகுதியும்கூட. (தனித்தொகுதி என்ற ஏற்பாட்டின் பின்னால் அந்த 1932 பூனா ஒப்பந்தமும், அதில் அம்பேத்கர் போட்ட கையெழுத்தும் இருக்கிறது.) பெரியம்மாவிடம் போய் அந்த எட்டு கேள்வியையும் ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டேன். மாத்திரை மேல் அவருக்குக் குறையே இல்லை. வயல் வேலைக்குப் போகிற நாளில் மதியச் சாப்பாடு மூணு மணி ஆகிவிடுகிறது, காலை மாத்திரை போட்டால் பன்னிரண்டு மணிக்கே படபடப்பு வருகிறது, அதனால் வேலை நாளில் மாத்திரையை விட்டுவிடுகிறார். இதை டாக்டரிடம் சொன்னீங்களா என்றால், அவர் கேட்கவில்லை என்கிறார். ரிப்போர்ட்டில் இது, மருந்து ஒழுங்காக எடுக்காதவர் என்று ஒரே வரியாகத்தான் விழும்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கூலி விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்பதால் சௌகரியம் என்ற கேள்விக்கு மதிப்பெண் கூடியிருக்கும். மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றினால் இவருக்கு ஒத்துவரும் என்று கேட்கிற வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

நோயால் போகவில்லை

மறுபடி 1951-க்கு வருவோம். அந்த ஆகஸ்ட் கடிதத்துக்கு நேரு, மசோதாவுக்கு எதிர்ப்பு இருக்கிறது, பதற வேண்டாம், செப்டம்பரில் எடுக்கலாம் என்ற தொனியில் பதில் எழுதினார். செப்டம்பரில் விவாதம் வந்தது. சில நாளிலேயே மசோதா கைவிடப்பட்டது. செப்டம்பர் 27-ல் அம்பேத்கர் ராஜினாமா செய்தார்.

அக்டோபரில் வெளியிட்ட விளக்கத்தில் ஒரு விஷயத்தைக் குறிப்பாக மறுத்தார். உடல்நலம் சரியில்லாததால் விலகினேன் என்று யாராவது சொன்னால் அதை ஏற்க மாட்டேன், நோயைக் காரணம் காட்டிக் கடமையை விடுகிற ஆள் நான் இல்லை என்பது அதன் பொருள். இதைத் தியாகம் என்று புல்லரிப்பதை விட, அவர் எதைப் பார்த்துப் பயந்தார் என்று யோசிப்பது நல்லது. தோற்றது ஒரு மசோதா. தோற்கடித்தவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்தில் சுகர், பிரஷர் என்று ஒரு மெடிக்கல் காரணம் ஒட்டிக்கொண்டால் அரசியல் காரணம் மறைந்துபோகும். நோய் தன்னைப் பற்றிய கதையாக மாறுவதை அவர் விடவில்லை.

அதன்பின் வந்த வருஷங்கள் கடினமானவை. 1952 பொதுத்தேர்தலில் பம்பாயில் தோல்வி, மாநிலங்களவைக்குப் போனார். 1954-ல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோல்வி. அந்த வருஷம் ஜூனிலிருந்து அக்டோபர் வரை படுக்கை. மருந்துகளின் பக்க விளைவு ஒரு பக்கம், மங்கிக்கொண்டே வந்த கண்பார்வை இன்னொரு பக்கம். ஆயிரக்கணக்கான புத்தகங்களுக்காகவே பம்பாயில் ராஜகிருகம் என்று வீடு கட்டிய மனிதர். அவருக்குக் கண் போவது என்றால் என்ன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரை விழித்திரையின் நுண்குழாய்களையும் தாக்கும் என்பதால்தான் இன்று ஒவ்வொரு சுகர் பேஷன்ட்டையும் வருஷம் ஒருமுறை கண்ணைப் பார்க்கச் சொல்கிறார்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண், சிறுநீரகம், நரம்பு பாதிப்பு குறையும் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்த பெரிய ஆய்வுகள் 1993-லும் 1998-லும்தான் வெளிவந்தன. அம்பேத்கரின் டாக்டர்களுக்கு அது நம்பிக்கை அளவில் இருந்தது. கருவி அளவில் இல்லை.

படுக்கையிலிருந்து எழுந்ததும் டிசம்பரில் ரங்கூன் போனார், பௌத்த மாநாட்டுக்கு. பெரியாரும் அங்கே வந்திருந்தார். 1955-ல் இந்து திருமணச் சட்டமும் 1956 ஜூனில் இந்து வாரிசுரிமைச் சட்டமும் நிறைவேறின. அவர் பழைய மசோதாவைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொண்டுவந்தவைதான். பார்க்க அவர் உயிரோடு இருந்தார்.

1956 அக்டோபர் 14-ல் நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவினார். தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாமல் நடப்பதே சிரமமாகியிருந்த நேரம். நவம்பரில் காத்மாண்டுவில் உலக பௌத்த மாநாடு. அங்கிருந்து டெல்லி.

டிசம்பர் 5 இரவு, அலிப்பூர் சாலை 26-ம் எண் வீடு. சமணத் தலைவர்கள் சிலர் வந்து பேசிவிட்டுப் போனார்கள். உதவியாளர் நானக் சந்த் ரட்டு கால்களைப் பிடித்துவிட்டார். புத்த வந்தனப் பாடல் இசைத்தட்டைப் போடச் சொல்லிக் கேட்டார், கூடவே முணுமுணுத்தார். புத்தரும் அவர் தம்மமும் நூலின் முன்னுரையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கச் சொன்னார், இரவில் ஒருமுறை பார்க்க. காலையில் அவர் எழவில்லை. வயது 65.

பல வருஷம் ஊசி போட்ட சவிதா மேலேயே சந்தேகம் வந்தது. மரணத்தில் மர்மம் என்று ஆதரவாளர்களில் ஒரு பகுதியினர் கேள்வி எழுப்பினார்கள். மத்திய அரசு விசாரித்து, இயற்கை மரணம்தான் என்றது. அதற்கப்புறமும் பல வருஷம் சவிதா ஒதுங்கியே வாழ்ந்தார். 1990-ல் மராத்தியில் தன் நினைவுகளை எழுதினார். அம்பேத்கரின் மருந்து, உணவு, வலி பற்றிய விவரங்களை ஒரு மருத்துவராகப் பதிவு செய்த புத்தகம் அது. 2003-ல் மறைந்தார்.

முன்னுரை பார்க்க எடுத்து வைத்த புத்தகம் 1957-ல் வெளியானது. அதே 1957-ல் பாரிஸில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர், நீரிழிவு நோயாளிகளுக்கு மெட்ஃபார்மின் கொடுத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார். பெரியம்மா வயல் வேலை நாளில் எந்த மாத்திரையை விடலாம், எதை நேரம் மாற்றிப் போடலாம் என்பதை இப்போது டாக்டரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறோம். அவர் பையில் இருக்கிற இரண்டு பட்டையில் ஒன்று மெட்ஃபார்மின்தான்.